போரிடாத வீராங்கனை: சுன் ஷாங்ஷியாங்கின் 1,800 ஆண்டுகள்

சீனாவின் ‘மூன்று அரசுகளின் காதை’ நாவலில் 120 அத்தியாயங்கள். அத்தனையையும் புரட்டினாலும் சுன் சீமாட்டி, அதாவது இன்று சுன் ஷாங்ஷியாங் என்று அறியப்படுபவர், யாரையாவது வெட்டினார் என்று ஒரு வரி கிடைக்காது. அம்பு எய்ததாகவும் இல்லை, குதிரையேறிப் படை நடத்தியதாகவும் இல்லை. ஆனால் அந்த மூன்று அரசுகள் காலத்தை வைத்து இன்று வரும் வீடியோ கேம்களில் முன்வரிசைப் பெண் வீராங்கனை என்றால் அவர் பெயர்தான் முதலில் வரும். பிளேஸ்டேஷனில் இரண்டு கையிலும் வளையக் கத்திகளைச் சுழற்றி வீரர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்க்கிறார். கைபேசி விளையாட்டில் ஒரு பீரங்கியைத் தூக்கிக்கொண்டு, உருண்டு புரண்டு சுடுகிறார்.

கேம்காரர்கள் இஷ்டத்துக்கு அடித்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போகலாம். பாதிதான் உண்மை. இந்தப் பெண்ணின் கையில் ஆயுதம் முதலில் வந்தது நாவலில் அல்ல, வரலாற்று நூலில். நாவல்தான் அதைப் பிடுங்கி வைத்தது.

வரலாறு இதுதான். கி.பி. 208இல் செம்பாறைப் போர். வடக்கிலிருந்து பெரும்படையோடு வந்த சாவோ சாவோ யாங்சி ஆற்றங்கரையில் தோற்றுத் திரும்பினார். ஜெயித்தவர்கள் இருவர். ஒருவர் யாங்சியின் கீழ்ப்பகுதியை ஆண்ட சுன் சுவான். மற்றவர் அதுவரை சொந்தமாக ஒரு மாகாணம்கூட நிலைக்காமல் ஊர் ஊராக அலைந்த லியு பெய். போருக்குப் பின் லியு பெய் ஜிங் மாகாணத்தில் காலூன்றி அதன் ஆளுநர் ஆனதும், சுன் சுவான் அவரைக் கண்டு ‘சற்றே அஞ்சி’ நட்பை உறுதிப்படுத்தத் தன் தங்கையை மணமுடித்துக் கொடுத்தார் என்கிறது ‘மூன்று அரசுகளின் வரலாறு’. நடந்தது 209 வாக்கில். மாப்பிள்ளைக்கு அப்போது வயது 48. பெண்ணின் வயதை யாரும் எழுதி வைக்கவில்லை. தந்தை சுன் ஜியான் 190களின் தொடக்கத்திலேயே போரில் செத்துவிட்டார். அண்ணன் சுன் சுவான் பிறந்தது 182இல். ஆக, பெண்ணுக்குப் பதினேழு பதினெட்டுக்குக் குறையாது, இருபத்தேழுக்கு மிகாது.

அந்த வரலாற்றை எழுதியவர் சென் ஷோ, மூன்றாம் நூற்றாண்டுக்காரர். லியு பெய்யின் வேறு இரு மனைவியருக்குத் தனிக் குறிப்பு எழுதியவர் சுன் சீமாட்டிக்கு எழுதவில்லை. பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவரைப் பற்றிய முக்கியமான வரிகள் இருப்பதோ ஃபா ஜெங் என்ற அதிகாரியின் வாழ்க்கைக் குறிப்பில். அந்த ஆள் பதவி கிடைத்ததும் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டு சிலரைக் கொன்றுவிடுகிறார். அவரை ஏன் கண்டிக்கவில்லை என்று ஒருவர் கேட்க, தலைமை ஆலோசகர் ஜூகெ லியாங் பதில் சொல்கிறார்: நம் தலைவர் கொங்ஆன் ஊரில் இருந்த நாட்களை நினைத்துப் பாருங்கள், வடக்கே சாவோ சாவோவின் பலத்துக்குப் பயம், கிழக்கே சுன் சுவானின் நெருக்கடிக்குப் பயம், பக்கத்திலேயே சுன் சீமாட்டி ஏதாவது கிளப்பிவிடுவாரோ என்றும் பயம், அந்த நிலையிலிருந்து அவரை மீட்டவர் ஃபா ஜெங், அவரை எப்படிக் கட்டிப்போடுவது? இந்தப் பதிலுக்கு விளக்கம் போலத்தான் சென் ஷோ சேர்க்கிறார்: அந்தப் பெண் கூர்மையும் வேகமும் முரட்டுத் துணிச்சலும் உள்ளவர், அண்ணன்மாரின் சாயல் அப்படியே இருந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட பணிப்பெண்கள் கையில் வாளோடு சுற்றி நிற்பார்கள், லியு பெய் உள்ளே போகும்போதெல்லாம் நெஞ்சு நடுங்கும்.

யாரோ ஒருவரின் அத்துமீறலுக்குச் சொன்ன சமாதானத்தில் ஓரமாக வந்துபோகிறார். ஆனால் அந்த வரிகளில் யாரோடு சேர்த்து எண்ணப்படுகிறார் என்று பாருங்கள். சாவோ சாவோ, சுன் சுவான், அடுத்து இவர். ஒரு அரசியல் ஆலோசகர் தன் தலைவரின் மனைவியை எதிரி நாடுகளின் பட்டியலில் மூன்றாவதாக வைத்துப் பேசுகிறார்.

429இல் பெய் சொங்ஜி என்பவர் இந்த வரலாற்றுக்கு விரிவான உரை எழுதி அரசரிடம் அளித்தார். அதில் அவர் மேற்கோள் காட்டும், லியு பெய்யின் தளபதி ஜாவ் யுன் பற்றிய பழைய குறிப்பில் இன்னும் கொஞ்சம் கிடைக்கிறது. சுன் சுவானின் தங்கை என்ற செருக்கோடு சீமாட்டி இருந்தார். அவரோடு வந்த, சுன் சுவானின் வூ நாட்டு அதிகாரிகளும் வீரர்களும் சட்டத்தை மதிக்காமல் திரிந்தார்கள். கண்டிப்பான ஆள் என்று ஜாவ் யுன்னை உள்வீட்டு நிர்வாகத்துக்கு லியு பெய் நியமித்தார். 211 வாக்கில் லியு பெய் மேற்கே படையோடு போனதும் சுன் சுவான் தங்கையை அழைத்துவரக் கப்பல்கள் அனுப்பினார். சீமாட்டி தனியாகக் கிளம்பவில்லை. லியு பெய்க்கு வேறு மனைவியிடம் பிறந்த ஒரே வாரிசான சிறுவன் லியு ஷானையும் கூட்டிக்கொண்டு போகப் பார்த்தார். ஜாவ் யுன்னும் இன்னொரு தளபதி ஜாங் ஃபெய்யும் ஆற்றை மறித்துப் பிள்ளையை மீட்டார்கள்.

சீமாட்டி ஊர் போய்ச் சேர்ந்தார். பிறகு லியு பெய் யீ மாகாணத்தைப் பிடித்து மறுமணம் செய்யும் இடத்தில் ‘சுன் சீமாட்டி வூவுக்குத் திரும்பிவிட்டிருந்தார்’ என்று போகிற போக்கில் ஒரு குறிப்பு. அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று எந்தப் பழைய பதிவும் சொல்லவில்லை.

வாரிசைத் தூக்கிக்கொண்டு போவது கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போகிற விஷயம் அல்ல. அந்தப் பிள்ளை வூவின் தலைநகரில் வளர்ந்திருந்தால் லியு பெய்யின் குடுமி சுன் சுவான் கையில் இருந்திருக்கும். அண்ணன் சொல்லிச் செய்தாரா, தானாகச் செய்தாரா என்று குறிப்பில் தெளிவில்லை. எப்படியானாலும் இந்தப் பெண் அரசியல் ஆடியவர். வாளேந்திய நூறு பெண்களைவிட எனக்கு இதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது.

நாவல் வந்தது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கழித்து. லுவோ குவான்ஜொங் பெயரில் வழங்கும் அதில் 54, 55ஆம் அத்தியாயங்கள்தான் சுன் சீமாட்டியின் அரங்கம். வூவின் தளபதி ஜோ யூ கல்யாண ஆசை காட்டி லியு பெய்யை வரவழைத்துச் சிறைவைக்கத் திட்டம் போடுகிறார். இதற்கு வரலாற்றில் ஒரு விதை உண்டு. லியு பெய் 210இல் சுன் சுவானைப் பார்க்கப் போனபோது, அவரை அங்கேயே நிறுத்திவைத்து மாளிகையும் அழகிகளும் கொடுத்து மழுங்கடித்துவிடலாம் என்று ஜோ யூ ஆலோசனை சொன்னதும், சுன் சுவான் ஏற்காததும் பதிவாகியிருக்கின்றன. நாவல் அந்த விதையைப் பெரிய மரமாக்குகிறது. மாப்பிள்ளை பார்க்க மாமியார் கன்லு கோயிலுக்கு வருகிறார், பார்த்ததும் பிடித்துப்போகிறது, போலிக் கல்யாணம் நிஜக் கல்யாணம் ஆகிறது. நிஜத்தில் சுன் சுவானைப் பெற்ற தாய் அப்போது உயிரோடில்லை என்பதால், தாயின் தங்கை என்று ஒரு மாமியாரை நாவல் உருவாக்கிக்கொண்டது. ஜெஞ்சியாங் நகரத்தில் இன்றும் பயணிகள் போய்ப் பார்க்கும் கன்லு கோயிலும் மரபுக் கதைப்படியே 265 வாக்கில் எழுந்தது, அதாவது கல்யாணம் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு.

முதலிரவுக் காட்சி அருமையாக எழுதப்பட்டது. அறை முழுக்க ஈட்டியும் வாளும். பணிப்பெண்களின் இடுப்பிலும் வாள். லியு பெய்க்கு உயிர் போய் உயிர் வருகிறது. சீமாட்டி சிரிக்கிறார்: பாதி வாழ்க்கை வெட்டும் குத்துமாய்க் கழித்தவருக்கு ஆயுதத்தைப் பார்த்தால் பயமா? சொல்லிவிட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொல்கிறார். பெண்களும் வாளைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

சென் ஷோவின் நூலில் லியு பெய்யின் நடுக்கம் ‘உள்ளே போகும்போதெல்லாம்’ வருவது. நாவலில் ஒரே இரவில் அது சிரிப்பாகி முடிந்துவிடுகிறது. ஆயுதங்கள் அறையை விட்டு வெளியேறுகிற அந்த நிமிடத்திலேயே நாவலாசிரியர் ஒரு எதிரியை மனைவியாக்கிவிட்டார்.

அதற்கு ஈடாக ஒரு நாக்கைக் கொடுத்தார், அதையும் சொல்ல வேண்டும். புத்தாண்டு அன்று ஆற்றங்கரையில் முன்னோருக்குப் படையல் வைக்கப் போகிறோம் என்று சாக்குச் சொல்லிக் கணவனும் மனைவியும் தப்பி ஓடுகிறார்கள். அந்தச் சாக்கைக் கண்டுபிடித்தவரே சீமாட்டிதான். வழியில் ஜோ யூவின் ஆட்களான சூ ஷெங்கும் டிங் ஃபெங்கும் மறிக்கிறார்கள். சீமாட்டி வண்டியின் திரையைச் சுருட்டிவிட்டு நேருக்கு நேர் கேட்கிறார்: கலகம் செய்கிறீர்களா? ஜோ யூவுக்குத்தான் பயமா, எனக்குப் பயமில்லையா? அவனால் உங்களைக் கொல்ல முடியுமென்றால் என்னால் அவனைக் கொல்ல முடியாதா? ஆயுதத்தோடு வந்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்குகிறார்கள். பின்னாலேயே சென் வூவும் பான் ஜாங்கும் வர, அவர்களுக்கும் வசவு. வாளை உருவத் தயாராக ஜாவ் யுன் பக்கத்திலேயே நிற்கிறார். உருவ வேண்டிய தேவையே வரவில்லை. கடைசியில் ‘சீமாட்டியையும் கொடுத்துப் படையையும் இழந்தான் ஜோ யூ’ என்று கரையிலிருந்து கத்தி நக்கல் செய்கிறார்கள். சீன மொழியில் இது இன்றைக்கும் புழங்கும் பழமொழி. வட்டியும் போய் முதலும் போய் நிற்பவனைப் பார்த்துச் சொல்வார்கள்.

இதே மரபில் வாளெடுத்துச் சண்டை போட்ட பெண்களும் உண்டு. அவர்கள் கதி என்ன என்று பார்த்தால்தான் சுன் சீமாட்டிக்குக் கிடைத்த நாக்கின் மதிப்பு புரியும். ‘நீர்க்கரை’ நாவலின் ஹூ சான்னியாங் இரட்டைக் கத்தி வீராங்கனை. கொள்ளையர் கூட்டத்து ஆளையே களத்தில் உயிரோடு பிடித்தவர். பிறகு அவரே சிறைப்படுகிறார். அவர் குடும்பத்தை அதே கூட்டத்தின் முரடன் ஒருவன் வெட்டித் தள்ளுகிறான். கூட்டத்தின் தலைவர்களில் ஒருவரான சொங் ஜியாங், அவர் பிடித்த அந்த ஆளுக்கே அவரைக் கட்டிவைக்கிறார். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசுவதாக ஆசிரியர் எழுதவில்லை. அதன்பின் சண்டைக் காட்சிகளில் கத்தி வீசுகிறார், அவ்வளவுதான். ‘மூன்று அரசுகள்’ நாவலிலேயே களத்தில் இறங்கிப் போரிடும் பெண் ஒருவர்தான்: தெற்கத்தி மன்னன் மெங் ஹுவோவின் மனைவி ஜுரோங். 90ஆம் அத்தியாயத்தில் பறக்கும் கத்திகளை எறிந்து இரண்டு தளபதிகளைப் பிடிக்கிறார். அவர் கற்பனைப் பாத்திரம். தவிர, சீனருக்கு அவர் ‘காட்டு நாட்டுப் பெண்’. அதனால் அவர் சண்டை போட்டதில் அந்தக் கால வாசகருக்கு உறுத்தல் இல்லை. நல்ல குடும்பத்துப் பெண் வாளை வைத்திருக்கலாம், வீசக் கூடாது என்பதுதான் எழுதப்படாத விதி.

அடுத்த கட்டம் இன்னும் மோசம். இன்று எல்லோரும் படிக்கும் பதிப்பை 17ஆம் நூற்றாண்டில் திருத்தி அமைத்தவர்கள் மாவ் லுன்னும் மகன் மாவ் ஜொங்காங்கும். பழைய பதிப்புகளில் சீமாட்டி வூ திரும்புவதோடு சரி. மாவ் பதிப்பில் அது போதவில்லை. 222இல் லியு பெய் வூவிடம் தோற்றபோது அவர் இறந்துவிட்டதாகப் புரளி வர, சீமாட்டி ஆற்றங்கரைக்கு வண்டியில் போய், மேற்கே பார்த்து அழுது, ஆற்றில் குதித்துச் செத்தார் என்று 84ஆம் அத்தியாயத்தில் சேர்த்தார்கள். சும்மா சேர்க்கவும் இல்லை. முன்குறிப்பில், இது வேறொரு பழைய நூலில் விரிவாக உள்ளது, மலிவுப் பதிப்புகள்தாம் விட்டுவிட்டன என்று எழுதினார்கள். கணவன் இறக்கவே இல்லை. அடுத்த ஆண்டுதான் நோயில் போனார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்த பெண், பத்து வருடம் பிரிந்திருந்த கணவனுக்காகப் புரளியை நம்பி உயிர்விட்ட பத்தினி ஆனார். ஆன்ஹுய் மாகாணத்தின் வூஹு நகரில், யாங்சிக் கரையின் ஷியாவ்ஜி பாறையில் அவருக்குக் கோயிலும் உண்டு.

பெயர் விஷயத்திலும் இப்படித்தான், ஆளாளுக்கு ஒன்று வைத்தார்கள். நாவலில் சுன் ரென். யுவான் காலத்து நாடகம் ஒன்றில் சுன் ஆன். இன்று உலகம் அறிந்த சுன் ஷாங்ஷியாங் என்ற பெயர் இசை நாடக மேடையிலிருந்து வந்தது. கன்லு கோயில் கல்யாணக் கதை பெய்ஜிங் நாடக மேடையின் மங்கலக் கதைகளில் ஒன்று. வரலாறு பெயரில்லாமல் விட்டதை நாடகக்காரர்கள் நிரப்பினார்கள். கேம்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

கேம்களுக்கு இவர் ஏன் தேவைப்பட்டார் என்பது எளிது. மூன்று அரசுகள் காலத்துப் பதிவுகளில் ஆண் தளபதிகள் நூற்றுக்கணக்கில். பெண்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். பாத்திரத் தேர்வுத் திரையில் ஒரு பெண் முகம் வேண்டும் என்று தேடும் வடிவமைப்பாளர் கண்ணில் ‘நூறு பணிப்பெண்கள், கையில் வாள்’ என்ற வரி பட்டால் விடுவாரா? ஜப்பானின் கோயே நிறுவனத்தின் ‘டைனஸ்டி வாரியர்ஸ்’ வரிசையில், 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் இவர் வளையக் கத்திகளோடு களத்தில் நிற்கிறார். எந்தச் சீன நூலிலும் இவர் கையில் அந்த ஆயுதம் இல்லை. ஆங்கிலப் பதிப்பு அதற்கு ‘சக்கரம்’ என்று நம் ஊர்ப் பெயரையே வைத்திருப்பது வேடிக்கை. 2007இல் வந்த ஆறாம் பாகம் வில்லைக் கொடுத்துப் பார்த்தது. ரசிகர் மனதில் நின்றது என்னவோ சக்கரம்தான். துள்ளலும் துடுக்குமாக, அண்ணன்மாரைப் போல நானும் போருக்கு வருவேன் என்று நிற்கும் தங்கை. ‘அண்ணன்மாரின் சாயல்’ என்ற சென் ஷோவின் சொற்களை அப்படியே உருவமாக்கியதுதான் இது.

சீனாவின் டென்சென்ட் 2015இல் வெளியிட்ட ‘ஹானர் ஆஃப் கிங்ஸ்’ கைபேசி விளையாட்டில் இவர் தொலைவிலிருந்து சுடும் வீராங்கனை. பீரங்கி, புகை, வாண வேடிக்கை. வரலாற்றோடு ஒட்டுறவு பெயரளவில்தான். அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2019இல் வந்த ‘டோட்டல் வார்: த்ரீ கிங்டம்ஸ்’ மேடைப் பெயரை விட்டுவிட்டு, நாவலின் சுன் ரென் என்ற பெயரில் இவரைப் படைத்தலைவியாக்கியது.

என் கணக்கில் இவரைச் சரியாகப் படித்தது இந்தப் பெரிய கேம்கள் எதுவும் அல்ல; ‘சான்குவோஷா’ என்ற சீட்டாட்டம். 2000களின் பிற்பாதியில் சீனாவில் மாணவர்களிடையே பரவி, பிறகு இணையத்துக்கும் வந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு வீரரின் அட்டை. சுன் ஷாங்ஷியாங் அட்டைக்கு உயிர்ப்புள்ளி மூன்று, திறன்கள் இரண்டு. முதல் திறன் கல்யாணம்: கையிலிருந்து இரண்டு அட்டைகளைக் கழித்துவிட்டு, அடிபட்ட ஆண் பாத்திரம் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம், இருவருக்கும் ஆளுக்கொரு உயிர்ப்புள்ளி கூடும். இரண்டாவது திறனின் பெயர் வூஹு பாறையின் பெயரைப் போலவே ஒலிக்கும் ஷியாவ்ஜி: ஆயுதம், கவசம், குதிரை என்று எந்தச் சாதன அட்டையை இழந்தாலும் இரண்டு அட்டைகள் புதிதாக எடுக்கலாம். வாளைப் பிடுங்கினால் பலவீனமாவார் என்று நினைத்த நாவலாசிரியருக்குப் பதில் சொல்வது போல இருக்கிறது இந்த விதி.

அதைவிட முக்கியம், இது மறைபாத்திர ஆட்டம். தலைவர் யார் என்பது மட்டும்தான் மேசையில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களில் விசுவாசி யார், கலகக்காரர் யார், உளவாளி யார் என்பது கவிழ்த்து வைத்த அட்டையில் இருக்கும்; ஆள் செத்தால்தான் திருப்புவார்கள். தலைவர் இடத்தில் பெரும்பாலும் உட்காரும் பாத்திரங்களில் லியு பெய்யும் ஒருவர். அடிபட்டுக் கிடக்கும் அவருக்குப் பக்கத்து இருக்கையின் சுன் ஷாங்ஷியாங் இரண்டு அட்டைகளைக் கழித்து உயிர் கொடுக்கிறார். நிஜமாகவே விசுவாசியா, நம்பிக்கையைச் சம்பாதித்துக்கொண்டு கடைசிச் சுற்றில் கழுத்தறுக்கக் காத்திருக்கும் உளவாளியா? ஜூகெ லியாங் சொன்ன மூன்றாவது பயம் அப்படியே ஆட்ட விதியாகியிருக்கிறது. தேர்ந்த ஆட்டக்காரர்கள் அந்த ஒரு உயிர்ப்புள்ளியை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அடுத்த சுற்றில் அவருடைய அம்பு யார் பக்கம் திரும்புகிறது என்று பார்க்காமல் அவரை நம்ப மாட்டார்கள்.